மைக் கூவினால் அது இசையா?



வகுப்பில் செய்வதுபோல் முதலிலேயே கரும்பலகையில் தலைப்பை எழுதிவிடுகிறேன். "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது ஒன்று. "அது இசையே இல்லை" என்பது வேறொன்று. முதலாவதைச் சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. இரண்டாவதைச் சொல்ல வேண்டுமானால் கடைசிவரை கேட்டிருக்க வேண்டும். இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு நீளப் பதிவு. காபியைக் கையில் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

எழுதக் காரணம் இருக்கிறது. சேலையூரில் இருக்கும் என் தங்கை பேரன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறான். நண்பர்கள் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு ராக் குழு வைத்திருக்கிறான். கல்லூரி விழாவில், ஒரு பழைய அமெரிக்கக் குழு செய்ததைப் பார்த்து, பாட்டும் இல்லாமல் தாளக்கட்டும் இல்லாமல் எட்டு நிமிடம் வாசிக்கப் போகிறார்களாம். வீட்டில் ஒத்திகை நடந்தது. பக்கத்து ஃபிளாட்காரர் வந்து கதவைத் தட்டினார். பையனின் அப்பா ஆம்ப்ளிஃபயரை விற்றுவிடப் போவதாகச் சொல்லிவிட்டார். நம் குடும்பக் குழுவில் விவாதம் நடு இரவு வரை ஓடியதை உறவினர்கள் எல்லோரும் பார்த்தீர்கள். கடைசியில் அவன் அம்மா எனக்குப் போன் செய்து, "பெரியம்மா, நீங்க சொன்னா கேப்பான். கொஞ்சம் புத்தி சொல்லுங்க" என்றாள்.

சொல்கிறேன். ஆனால் அவனுக்கு மட்டும் சொன்னால் போதாது என்று தோன்றியது. அவர்கள் இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அவன் முன்மாதிரியாக வைத்திருக்கும் இசைத்துண்டின் பெயரே "ஃபீட்பேக்". வாசித்த குழு கிரேட்ஃபுல் டெட். 1965இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய குழு. சைகடெலிக் ராக் என்று ஒரு வகை அந்தக் காலத்தில் அங்கே பிறந்தது. அதில் முன்வரிசையில் இருந்தவர்கள் இவர்கள். "பெயரிலேயே பிணம் இருக்கிறதே" என்று நம் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அது ஒரு பழைய நாட்டுப்புறக் கதை வகையின் பெயர். அனாதைப் பிணம் ஒன்றை அடக்கம் செய்யக் கையில் இருந்த காசைக் கொடுக்கிறான் ஒரு வழிப்போக்கன். பிறகு அவனுக்கு ஆபத்து வரும்போது அந்த இறந்தவனே உருமாறி வந்து உதவுகிறான். நன்றி மறவாத இறந்தவன், அவ்வளவுதான். நம் ஊர்ப் பாட்டிகளும் சொல்லக்கூடிய கதைதான்.

இந்தக் குழு 1969 மார்ச் மாதம் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஃபில்மோர் வெஸ்ட் என்ற அரங்கில் வாசித்ததை அப்படியே ஒலிப்பதிவு செய்து, அதே ஆண்டு நவம்பரில் "லைவ்/டெட்" என்ற இரட்டை இசைத்தட்டில் சேர்த்தார்கள். "ஃபீட்பேக்" அதன் கடைசிப் பக்கத்தில் வருகிறது. ஏறத்தாழ எட்டு நிமிடம். மெட்டு கிடையாது. வரிகள் கிடையாது. தலையாட்டத் தாளம் கிடையாது. உறுமல், ஊளை, நீண்ட விசில், நடுவில் நிசப்தம், மறுபடி உறுமல்.

இது என்ன ஓசை என்று என் மாணவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். காலை வழிபாட்டுக் கூட்டம் நினைவிருக்கிறதா? செய்தி வாசிக்க வரும் பிள்ளை மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்பீக்கர் பக்கம் இரண்டு அடி நகர்ந்தால் போதும், "கூஊஊ" என்று ஒரு கத்தல். வரிசையே காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். உடற்கல்வி ஆசிரியர் விசிலை எடுப்பார். அதே சத்தம்தான்.

அது எப்படி வருகிறது? மைக் வாங்கும் ஒலியை ஆம்ப்ளிஃபயர் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கிறது. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மறுபடி மைக்குக்குள் போகிறது. மறுபடி பெருகுகிறது, மறுபடி போகிறது. நொடியில் பலமுறை இந்தச் சுற்று நடந்து ஒரு குறிப்பிட்ட சுருதி மட்டும் ஓங்கி நின்றுவிடுகிறது. எலெக்ட்ரிக் கிட்டாரிலும் இதே கதைதான். ஸ்பீக்கரின் ஒலி தந்தியை அதிரவைக்கிறது, அந்த அதிர்வு மறுபடி ஸ்பீக்கருக்குப் போகிறது. விரல் மீட்டாமலே தந்தி பாடிக்கொண்டிருக்கும். இந்தச் சுற்றுக்குத்தான் ஃபீட்பேக் என்று பெயர். இன்று சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும் தம்பி "மேடம், ஃபீட்பேக் போடுங்க" என்று கேட்கும் அதே சொல்தான். போனது திரும்பி வருவது.

இப்போது முக்கியமான கேள்வி. பள்ளியில் மைக் கூவியதும், இவர்கள் செய்ததும் ஒன்றா?

இல்லை. பள்ளியில் நடந்தது விபத்து. இவர்கள் அந்தச் சுற்றைக் கையில் பிடித்து ஆண்டிருக்கிறார்கள். கிட்டார்காரர் ஸ்பீக்கரை நோக்கித் திரும்பினால் ஒரு சுருதி, பக்கவாட்டில் திரும்பினால் வேறு. ஓர் அடி பின்னால் போனால் ஓசை தளரும், நெருங்கினால் ஏறும். தந்தியை உள்ளங்கையால் அமுக்கினால் நிற்கும். ஒருவர் எழுப்பும் ஊளை அடங்க மற்றவர் இடம் கொடுக்கிறார். எனக்கு முதல் தடவை கேட்டபோது மூன்றாம் நிமிடத்தில் தலை வலித்தது, அதை மறைக்கவில்லை. நாலாவது தடவை கேட்டபோதுதான் யார் பேசுகிறார், யார் பதில் சொல்கிறார் என்று காதில் விழத் தொடங்கியது. ரசித்தேன் என்று இன்றும் சொல்ல மாட்டேன். புரிந்தது என்று சொல்வேன்.

"வாசிக்கத் தெரியாதவர்கள் செய்யும் வேலை" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அதே இசைத்தட்டில் "தி லெவன்" என்று ஒன்று இருக்கிறது. பெயருக்கேற்றபடி பதினொரு எண்ணிக்கைத் தாளம். தகிட தகிட தகிட தக என்று கைதட்டிப் பாருங்கள், மூன்றும் மூன்றும் மூன்றும் இரண்டும் பதினொன்று. ஐந்து நிமிடம் தவறாமல் தட்டிவிட்டு வந்து பேசுங்கள். அந்தக் குழுவின் பேஸ் கிட்டார்காரர் ஃபில் லெஷ், கலிஃபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் லூசியானோ பெரியோ என்ற இத்தாலிய இசையமைப்பாளரிடம் நவீன இசை படித்தவர். தாளம் தெரியாததால் தாளத்தை விட்டவர்கள் இல்லை இவர்கள். தெரிந்தே சிறிது நேரம் இறக்கி வைத்தவர்கள்.

இவர்கள்தான் முதல்வர்கள் என்றும் இல்லை. 1964இல் பீட்டில்ஸ் "ஐ ஃபீல் ஃபைன்" பாட்டை இந்த ஓசையின் ஒரே ஒரு கீற்றோடு தொடங்கினார்கள். 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் விழாவில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்தை வார்த்தை இல்லாமல் கிட்டாரில் வாசித்து, நடுவில் இதே ஊளையைக் கொண்டு குண்டு விழுவதுபோல் அலறவைத்தார். அது வியட்நாம் போர்க் காலம். அவர் எதைச் சொல்கிறார் என்று கூட்டத்துக்குத் தனியாக உரை எழுத வேண்டியிருக்கவில்லை.

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கென்ன என்று கேட்பீர்கள். அங்கேதான் வருகிறேன்.

தம்பூராவை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தி குதிரையின் மேல் படும் இடத்தில் ஒரு சிறு நூல் வைப்பார்கள். நூல் இல்லாவிட்டால் "டங், டங்" என்று சுத்தமான, உயிரற்ற ஓசை. நூலைச் சரியான இடத்துக்கு நகர்த்தியதும் தேனீக் கூட்டம்போல ஒரு ரீங்காரம் எழும். அந்த நூலுக்கு ஜீவா என்று பெயர். யோசித்துப் பாருங்கள், தந்தியில் வேண்டுமென்றே ஓர் இரைச்சலை உண்டாக்கி, அதற்கு உயிர் என்று பெயர் வைத்தவர்கள் நாம்.

கோயில் புறப்பாட்டில் நாதஸ்வரத்தில் மல்லாரி வாசிப்பார்கள். கம்பீர நாட்டையில் அமைந்த அதற்குப் பாட்டு வரிகளே கிடையாது. சுவாமி வாசலைத் தாண்டுகிறார் என்று தெரு முழுதும் தெரிந்துகொள்கிறது. கல்யாணத்தில் கெட்டிமேளம் எதற்கு? தாலி ஏறும் நேரத்தில் தும்மலோ அபசகுனப் பேச்சோ காதில் விழக்கூடாது என்று, மற்ற எல்லா ஒலியையும் மூடும் சத்தம். அதை "காது கிழிகிறது, நிறுத்துங்கள்" என்று யாராவது சொன்னோமா? கண்ணில் நீர் வழிய அட்சதை போடுகிறோம். ஆக, வார்த்தை இல்லாததும் உரத்த சத்தமும் நமக்கு அந்நியம் இல்லை. பழக்கமான சத்தத்தை மங்கலம் என்கிறோம், பழகாததைக் கழுதைக் கத்தல் என்கிறோம்.

இனி அந்தக் குழுவுக்கும் நம் சென்னைக்கும் உள்ள உறவு. கிரேட்ஃபுல் டெட்டில் இரண்டு டிரம்ஸ் வித்வான்கள். ஒருவர் பெயர் மிக்கி ஹார்ட். 1960களின் இறுதியில் தபலா மேதை அல்லா ரக்காவைச் சந்தித்து, அவரிடம் தாளக் கணக்கு கற்கத் தொடங்கினார். அல்லா ரக்காவின் மகன் ஜாகிர் உசேன், 2024 டிசம்பரில் நாம் இழந்தோமே, அவர்தான், ஹார்ட்டின் நெடுநாள் தோழரானார். இந்த உறவில் விளைந்தது 1991இல் வெளிவந்த "பிளானட் டிரம்" என்ற இசைத்தொகுப்பு. கிட்டத்தட்ட முழுதும் தாள வாத்தியம். நைஜீரியாவின் பாபாதுண்டே ஒலதுஞ்சி, பிரேசிலின் ஐர்டோ மொரெய்ரா, ஜாகிர் உசேன், இவர்களோடு நம் விக்கு விநாயக்ராம். உலக இசைத் தொகுப்புக்கென்று கிராமி விருதில் ஒரு பிரிவை முதன்முதலாக ஏற்படுத்தியபோது, 1992இல், அந்த முதல் விருது இந்தத் தொகுப்புக்குப் போனது.

விக்கு விநாயக்ராம் யார்? திருவல்லிக்கேணியில் அப்பா ஹரிஹர சர்மா 1958இல் தொடங்கிய ஸ்ரீ ஜெய கணேஷ் தாள வாத்திய வித்யாலயாவில் வளர்ந்தவர். எம்.எஸ். அம்மாவுக்குக் கடம் வாசித்தவர். 1970களில் ஜான் மெக்லாஃப்லின், வயலின் எல். சங்கர், ஜாகிர் உசேன் ஆகியோரோடு "சக்தி" குழுவில் உலகம் சுற்றியவர். அந்தக் குழுவின் முதல் தொகுப்பில் ஒரு துண்டு இருபத்தொன்பது நிமிடம் ஓடுகிறது, பாட்டு வரியே இல்லாமல். அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிரா வாசித்த அதே சக்தி குழுவுக்கு 2024இலும் கிராமி கிடைத்தது.

அவர் கையில் இருந்தது என்ன? ஒரு பானை. மண்ணைப் பிசைந்து தட்டித் தட்டிச் சுட்ட பானை. மானாமதுரைக் கடம் உலகம் முழுதும் போகிறதென்றால், சக்கரத்தில் சுற்றியதோடு விடாமல், சுவர் எல்லாப் பக்கமும் ஒரே சீராக வரும்வரை பல முறை தட்டும் கைகள் அங்கே இருப்பதால்தான். "பானையைத் தட்டுவது ஒரு வித்தையா?" என்று கேட்டவர்கள் எந்தக் காலத்திலும் இருந்திருப்பார்கள். கச்சேரியில் மிருதங்கத்துக்குப் பின்னால் உபபக்கவாத்தியமாக உட்கார்ந்திருந்ததை உலக மேடையின் நடுவில் கொண்டுபோய் வைத்தவர் அவர். பானைக்கு அந்த மரியாதை கிடைத்தது, யாரோ முழுதாக உட்கார்ந்து கேட்டதால்.

நாம் கேட்கிறோமா? மார்கழிக் கச்சேரிக்குப் போகிறவர்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் என்ன நடக்கிறது? பாதி அரங்கம் எழுந்து கேன்டீனுக்குப் போகிறது. பாடகர் பாடும்போது எழுந்தால் மரியாதைக் குறைவு, மிருதங்கமும் கடமும் தனியாகப் பேசும்போது எழுந்தால் அது இடைவேளை! கணக்கு விரிந்து, குறைந்து, முடிவில் எல்லோரும் கோர்வையில் வந்து சேரும் அந்த இடத்துக்காக ஒரு கலைஞர் இருபது, முப்பது வருடம் உழைத்திருக்கிறார். நாம் வாழைப்பூ வடைக்கு வரிசையில் நிற்கிறோம். பேரன் கேட்கும் எட்டு நிமிடத்தைப் பொறுக்க முடியாதது இதன் தொடர்ச்சிதான். சொல் இருந்தால்தான் பொருள் இருக்கிறது என்று நினைத்துவிட்டோம்.

பள்ளியிலும் இதே நிலைதான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவள் சொல்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் பெஞ்சில் தாளம் போடும் பிள்ளை ஒன்று இருக்கும். சொற்களில் பின்தங்கிய பிள்ளையாகப் பெரும்பாலும் இருக்கும். அவன் விரல்களில் இருக்கும் கணக்கை மதிப்பிட நம் விடைத்தாளில் இடமே இல்லை. இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெற்றோர் தரப்பு நியாயத்துக்கு வருகிறேன். அவர்கள் பயம் சத்தத்தைப் பற்றியது மட்டும் இல்லை. "அந்தக் கூட்டமே போதைக் கூட்டம்" என்று பையனின் அப்பா எழுதினார். அது பொய்யில்லை. கிரேட்ஃபுல் டெட் ஆரம்பத்தில் எல்.எஸ்.டி. விருந்துகளில் வாசித்த குழு. சைகடெலிக் என்ற சொல்லே அந்த மயக்கத்தோடு ஒட்டியதுதான். விலையும் கொடுத்தார்கள். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரான் மெக்கர்னன் குடியால் உடல் கெட்டு 1973இல் 27 வயதில் போனார். தலைமைக் கிட்டார்காரர் ஜெர்ரி கார்சியா 1995இல், போதை மீட்பு நிலையத்தில் இருந்தபோது, 53 வயதில் மாரடைப்பில் போனார். இதை நான் பேரனிடம் ஒளிக்காமல் சொன்னேன். "பெரிய பாட்டி, எனக்குத் தெரியும்" என்றான். தெரிந்துகொண்டே கேட்கிறவனோடு பேசலாம். ஆம்ப்ளிஃபயரை விற்றுவிட்டால் அந்தப் பேச்சும் நின்றுவிடும். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வான். எனக்குப் பயம் அந்தச் சாத்திய கதவைப் பற்றித்தான். அந்தக் குழுவிலிருந்து எடுத்துக்கொள்ள மிக்கி ஹார்ட் இருக்கிறார், புகழ் வந்த பிறகும் இன்னொரு நாட்டு வித்வான் முன் மாணவனாக உட்கார்ந்தவர். அந்தப் பாதையைக் காட்ட வேண்டியது நம் வேலை.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் நியாயம் உண்டு. இசையாகவே இருந்தாலும் அவர் டிக்கெட் வாங்கவில்லை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை இரவு. ஆடி மாதத்தில் நம் தாம்பரம் தெருக்களில் கட்டும் கோன் ஸ்பீக்கர்களுக்கும் இதே விதிதான் என்பதையும் பையனின் சார்பில் சொல்லி வைக்கிறேன். அம்மன் பாட்டுக்கு ஒரு காது, கிட்டாருக்கு ஒரு காது என்று இருக்கக்கூடாது.

ஆகவே பெரியம்மாவின் தீர்ப்பு. ஆம்ப்ளிஃபயரை விற்க வேண்டாம். வீட்டில் ஒத்திகை மாலை ஐந்திலிருந்து ஆறு வரை, குறைந்த ஒலியில். முழு ஒலி கல்லூரியில் மட்டும். பேரனுக்கு மூன்று கேள்விகள். நேற்று எழுப்பிய ஓசையை இன்றும் வேண்டும்போது எழுப்ப முடிகிறதா? நினைத்த நொடியில் நிறுத்த முடிகிறதா? கூட வாசிப்பவன் என்ன செய்கிறான் என்று உன் காதில் விழுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் மேடை ஏறு. ஒன்றுக்கு இல்லை என்றாலும் அது இன்னும் மைக் கூவுவதுதான், பயிற்சி செய். சத்தத்துக்கும் இசைக்கும் எனக்குத் தெரிந்த வித்தியாசம் இந்த மூன்றுதான். பிடிக்கிறதா இல்லையா என்பது நாலாவது கேள்வி. அது கேட்பவர் பாடு.

பையனின் அப்பாவுக்கும் ஒரு வேண்டுகோள். விழா அன்று போய் முதல் வரிசையில் உட்காருங்கள். எட்டு நிமிடமும். நடுவில் போனைப் பார்க்காமல்.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம். ஒன்று, நாதஸ்வரத்தில் ஒரு மல்லாரி. இரண்டு, விக்கு விநாயக்ராம் வாசித்த ஏதாவது ஒரு தனி, எழுந்து போகாமல். மூன்று, அந்த "ஃபீட்பேக்". மூன்றாவதைக் கேட்கும்போது முடிந்ததும் உடனே அணைத்துவிடாதீர்கள். அந்த ஊளை எல்லாம் அடங்கிய பிறகு, வாத்தியங்களை நிறுத்திவிட்டு, எல்லோருமாகச் சேர்ந்து அரை நிமிடத்துக்கு ஒரு பழைய பக்திப் பாட்டைப் பாடி விடைபெறுகிறார்கள். அதுதான் அந்த இசைத்தட்டின் கடைசி. நம் கச்சேரியில் மங்களம் பாடுவதுபோல.

கேட்டுவிட்டுக் கீழே எழுதுங்கள். பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லலாம். எத்தனையாவது நிமிடத்தில் பிடிக்காமல் போனது என்றும் எழுத வேண்டும். அது இருந்தால்தான் மதிப்பெண்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்